ஜார் மன்னர் அம்மாவுக்குக் கொடுத்த படச்சட்டம்

இன்று ஒரு படச்சட்டத்தைப் பற்றிப் பேசலாம். சுவரில் மாட்டும் பெரிய சட்டம் இல்லை இது. கைக்குள் அடங்கிவிடும். ஸ்ட்ராபெரிப் பழச் சிவப்பில் ஓர் இதயம், அதை நிறுத்தி வைக்க ஒரு தண்டு, கீழே பீடம். இதயத்தின் முகப்பில் பொடி வைரங்களால் 1897 என்று பதித்திருக்கிறார்கள். மூடியிருக்கும்போது பார்த்தால் படச்சட்டம் என்றே தோன்றாது. திறந்தால்தான் தெரியும்: இதயம் மூன்று இதழாக விரிகிறது, இதழுக்கு ஒன்றாக மூன்று சிறிய ஓவியங்கள். ஒன்றில் ரஷ்யாவை ஆண்ட ஜார் இரண்டாம் நிக்கோலஸ். இன்னொன்றில் அவருடைய மனைவி அலெக்சாண்ட்ரா. மூன்றாவது இதழில், அப்போது இரண்டு வயதுகூட நிரம்பாத அவர்களின் மூத்த மகள் ஓல்கா.

மகன், மருமகள், பேத்தி. அப்படியானால் இது யாருக்கான பரிசு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். நிக்கோலஸின் தாய் மரியா ஃபியோதரவ்னாவுக்கு.

ரஷ்ய அரச குடும்பத்தில் ஈஸ்டர் பண்டிகைக்கு முட்டை பரிசளிப்பது வழக்கம். நிக்கோலஸின் தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் 1885இல் தன் மனைவிக்கு ஒரு விசேஷ முட்டையைக் கொடுத்தார். தங்கத்தில் செய்து, வெளியே வெள்ளை எனாமல் பூசிய முட்டை. அதைச் செய்தவர்கள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்து நகைக் கலைஞர் கார்ல் ஃபாபர்ஷேயின் நிறுவனத்தார். அதன்பின் அநேகமாக ஆண்டுதோறும் ஒரு முட்டை. தந்தை இறந்த பிறகு நிக்கோலஸ் அம்மாவுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று என இரண்டாகக் கொடுக்கத் தொடங்கினார். மொத்தம் ஐம்பது முட்டைகள் அரச குடும்பத்துக்குப் போயின. அநேகமாக ஒவ்வொரு முட்டைக்குள்ளும் ஒரு ரகசியம் இருக்கும்: கோழி, கப்பல், ரயில் என்று ஏதாவது ஒளிந்திருக்கும்.

1897இல் அம்மாவுக்குப் போன முட்டை இளம் ஊதா நிறம். அதற்கு ஃபாபர்ஷே போட்ட பில் கிடைத்திருக்கிறது. இளம் ஊதா எனாமல் முட்டை, மூன்று சிற்றோவியங்களுடன், விலை 3,250 ரூபிள் என்கிறது அது. முட்டையைத்தான் காணவில்லை. ஆனால் 1897 என்று வைரத்தால் எழுதி, சரியாக மூன்று சிற்றோவியங்களோடு ஓர் இதயச் சட்டம் கிடைத்திருக்கிறதே! இதுதான் அந்த முட்டைக்குள் இருந்த ரகசியம் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தது இப்படித்தான். ஒரு பில், ஓர் ஆண்டு, மூன்று முகங்கள். துப்பறிவதற்கு இவ்வளவு போதுமாக இருந்தது.

இப்போது ஒரு கேள்விக்கு வருவோம். இதயத்தின் அந்தச் சிவப்பு எது?

மாணிக்கக் கல்லா? இல்லை. அவ்வளவு பெரிய மாணிக்கத்தை இதய வடிவில் வளைக்க யாராலும் முடியாது. பெயின்டா? அதுவும் இல்லை. பெயின்டாக இருந்தால் நூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படிப் பளபளக்காது. அது கண்ணாடி. உலோகத்தின் மேல் உருக்கி ஒட்டவைத்த, தோல் போன்ற மெல்லிய கண்ணாடி. இந்தச் சட்டத்தில் வைரத்தைவிடச் செய்யக் கடினமானது இந்தச் சிவப்புக் கண்ணாடிதான் என்பேன். வைரம் பூமிக்குள் தானாக விளைந்தது. மனிதர் செய்தது அதைத் தீட்டியதும் பதித்ததும் மட்டும். கண்ணாடியையோ மணலிலிருந்து தொடங்கி முழுக்க மனிதக் கைகள் உண்டாக்க வேண்டியிருந்தது.

எனாமல் என்றதும் உங்கள் வீட்டு எனாமல் தட்டு நினைவுக்கு வரலாம். அடிப்படை ஒன்றுதான். நகைக்கு வருகிற எனாமல் இன்னும் நுட்பமானது, ஊடுருவிப் பார்க்கக்கூடியது. மணலில் உள்ள சிலிக்கா, அதை எளிதில் உருகவைக்கும் சோடா அல்லது பொட்டாஷ், பளபளப்பைக் கூட்டும் ஈய ஆக்சைடு, நிறம் தரும் ஏதோ ஓர் உலோகத்தின் சேர்மம். இவற்றை உருக்கிக் கண்ணாடிக் கட்டியாக்கி, உடைத்து, கல் குழவியில் நீர் விட்டு அரைப்பார்கள். கலங்கல் நீரை வடித்து வடித்துக் கழுவினால் அடியில் தெளிந்த துகள் தங்கும். அந்த ஈரத் துகளைத் தூரிகையால் உலோகத்தின் மேல் மெல்லப் பரப்பி, காயவைத்து, உலைக்குள் வைப்பார்கள். சுமார் 700 முதல் 800 டிகிரி செல்சியஸ். சில நிமிடங்கள் போதும். துகள்கள் உருகி ஒன்றாகிப் பளபளக்கும் படலமாகிவிடும்.

ஈயம் நச்சுப்பொருள். அந்தக் காலத்துப் பட்டறைகளில் இந்தத் துகளை அரைத்தவர்கள் பெரும்பாலும் முகமூடியோ கையுறையோ இல்லாமல்தான் அரைத்தார்கள். அழகான பொருளைப் பார்க்கும்போது அதைச் செய்தவர்களின் மூச்சையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஒருமுறை சுட்டால் முடிந்துவிடாது. ஒரு படலம், சூளை, ஆறவிடல், மறுபடி ஒரு படலம், மறுபடி சூளை. ஐந்து ஆறு முறைகூட ஆகும். இதில் ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. தூய தங்கம் 1064 டிகிரியில் உருகும், வெள்ளி 962இல். நகை செய்யும் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைவான வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். எனாமல் உருக வேண்டும், அடியில் உள்ள உலோகம் உருகக்கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மிகக் குறுகல். இன்றுபோல் டிஜிட்டல் வெப்பமானி கிடையாது. உலைக்குள் தெரியும் செந்நிறத்தின் சாயலைக் கண்ணால் பார்த்தே எடுக்கும் நேரத்தைத் தீர்மானித்தார்கள்.

இன்னொரு ஆபத்து ஆறும்போது வருகிறது. சூட்டில் எல்லாப் பொருளும் விரியும், குளிரில் சுருங்கும். ஆனால் ஒரே அளவில் அல்ல. ஒரு மீட்டர் நீளத் தங்கக் கம்பியை 100 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் சுமார் 1.4 மில்லிமீட்டர் நீளும். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதே சூட்டில் 0.9 மில்லிமீட்டர்தான் நீளும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கினால் என்ன ஆகும்? கொதிக்கும் தேநீரைச் சட்டென ஊற்றியதும் படீரென உடையும் கண்ணாடித் தம்ளரின் கதைதான். அதனால்தான் எனாமல் செய்பவர்கள் கண்ணாடியில் சோடா, பொட்டாஷ் அளவுகளைக் கூட்டிக் குறைத்து, அதன் சுருக்கத்தை உலோகத்தின் சுருக்கத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். பல வேலைகளில் தகட்டின் பின்பக்கத்திலும் ஒரு படலம் எனாமல் பூசுவதுண்டு. முன்னும் பின்னும் ஒரே மாதிரி இழுத்தால் தகடு வளையாது.

கடைசியில் மெருகு. மரச் சக்கரத்தில் மணிக்கணக்காகத் தேய்த்து, இறுதியில் மென்தோலால் துடைப்பார்கள். அவசரப்பட்டால் ஓரம் தெறிக்கும். தெறித்தால் திரும்பவும் சூளை.

சரி, சிவப்புக் கண்ணாடி ஏன் உள்ளிருந்து ஒளிர்வதுபோல் தெரிகிறது? இதற்குக் காரணம் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. எனாமல் பூசுவதற்கு முன் உலோகத்தில் மிக நெருக்கமான கோடுகளை ஓர் இயந்திரக் கடைசலால் வெட்டுகிறார்கள். அலை அலையாக, அல்லது ஒரு மையத்திலிருந்து கதிர்போல. இந்த வேலைக்கு கில்லோஷே என்று பெயர். மேலே விழும் ஒளி கண்ணாடிக்குள் நுழைந்து, அடியிலுள்ள வெட்டுகளில் பட்டுத் திரும்பி, மறுபடியும் கண்ணாடி வழியாகவே வெளியே வருகிறது. உள்ளே போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை, பச்சை நீல ஒளியைக் கண்ணாடி விழுங்கிவிடுகிறது. சிவப்பு மட்டும் நம் கண்ணுக்கு வந்து சேர்கிறது. வெட்டுப் பள்ளங்களில் கண்ணாடி தடிப்பாக இருப்பதால் அங்கே நிறம் அடர்ந்து தெரியும், மேட்டில் வெளிறித் தெரியும். சட்டத்தை லேசாகத் திருப்பினால் மேடு பள்ளங்கள் வேறு கோணத்தில் ஒளியைத் திருப்பும். அப்போது கோடுகள் நகர்வதுபோல் இருக்கும்.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். அட்டைத் துண்டு ஒன்றின் மேல் சமையலறை அலுமினியத் தாளைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். மை தீர்ந்த பேனாவால் நடுவிலிருந்து வெளியே நெருக்கமாக நெளிகோடுகள் போடுங்கள். தாள் கிழியாமல், பள்ளம் விழும்படி அழுத்தினால் போதும். மேலே சிவப்பு செலோபன் தாளை இழுத்துப் பிடியுங்கள். இன்னோர் அட்டையில் சிவப்பு போஸ்டர் கலரைப் பூசிக் காயவையுங்கள். அறையை இருட்டாக்கி இரண்டின் மேலும் டார்ச் அடித்து, மெல்லச் சாய்த்துப் பாருங்கள். போஸ்டர் கலர் எப்படிச் சாய்த்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அலுமினியத்தில் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளிச்சிட்டு அணையும். பிறகு செலோபனை இரண்டு மடிப்பாக்கிப் பாருங்கள். நிறம் ஆழமாவது தெரியும். ஐந்தாறு படலம் ஏன் சுட்டார்கள் என்பதற்கு அந்த மடிப்பிலேயே பதில் இருக்கிறது.

நிறங்களுக்கு வருவோம். ஃபாபர்ஷே பட்டறையில் 140க்கும் மேற்பட்ட எனாமல் நிறங்கள் இருந்தன. கோபால்ட் சேர்த்தால் ஆழ்ந்த நீலம். மாங்கனீசு ஊதா தரும். குரோமியம் பச்சை, செம்பு நீலப்பச்சை. டின் ஆக்சைடு கலந்தால் பால் வெண்மை. எல்லாவற்றிலும் என்னை அதிகம் வியக்கவைப்பது சிவப்புதான். சிவப்புக் கண்ணாடி செய்வதற்கு மிகப் பழைய, மிகப் புகழ்பெற்ற வழிகளில் ஒன்று அதில் தங்கத்தைச் சேர்ப்பது!

மஞ்சள் உலோகம் எப்படிச் சிவப்பு தரும்? மோதிரத்தில் உள்ள தங்கம் மஞ்சள். அதே தங்கம் மிக நுண்ணிய துகளாகிக் கண்ணாடி முழுக்கப் பரவினால், அந்தக் கண்ணாடி செந்நிறமாகத் தெரியும். துகள் எவ்வளவு நுண்மை என்றால், சுமார் 20 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டருக்குள் அப்படி 50,000 துகள்களை வரிசையாக நிறுத்தலாம். அந்த அளவில் தங்கத்தின் எலக்ட்ரான்கள் ஒளி அலையோடு சேர்ந்து ஊசலாடி, பச்சை ஒளியைத் தின்றுவிடுகின்றன. மின்சார மோட்டாருக்கு வழிகாட்டிய மைக்கேல் ஃபாரடே 1857இல் இதைத் திரவத்தில் ஆராய்ந்தார். அவர் தயாரித்த செந்நிறத் தங்கக் கரைசல்கள் சில, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் கண்ணாடிக் குப்பிகளில் சிவப்பாகவே இருக்கின்றன. கண்ணாடித் தொழிலாளிகளோ காரணம் அறியாமலேயே அதற்கும் பல காலம் முன்பிருந்து நானோ துகள்களோடு வேலை செய்துவந்தார்கள்.

வைரத்தைப் பற்றிச் சுருக்கமாக. இம்மாதிரிச் சட்டங்களில் பதிப்பது ரோஸ் கட் வகை. அடி தட்டையாக, மேல் பகுதி முக்கோணப் பட்டைகளோடு மேடாக இருக்கும். மெல்லிய சட்டத்தில் ஆழமாகக் குழி தோண்ட முடியாது, அதனால் தட்டைக் கல் வசதி. உள்ளே போகிற ஒளியில் ஒரு பகுதி அடிவழியே கசிந்துவிடுவதால் இன்றைய வைர மோதிரம்போல் கண்ணைப் பறிக்காது. மென்மையாக மினுங்கும். எனாமலின் அழகை அது அமுக்காமல் இருப்பதும் இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தக் காலச் சட்டங்களின் ஓரத்தில் முத்து வரிசையையும் அடிக்கடி பார்க்கலாம். முத்தின் மினுக்கம் வேறு வகை. அதன் படலங்கள் ஒளி அலையின் நீளத்துக்குக் கிட்டத்தட்டச் சமமான தடிப்புள்ளவை. படலங்களிலிருந்து திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்களைக் கூட்டுகின்றன, சிலவற்றை அழிக்கின்றன.

தங்கத்தின் தரம் பற்றியும் ஒரு கணக்கு. ரஷ்யாவில் அன்று தூய தங்கத்தை 24 என்று சொல்லாமல் 96 என்று கணக்கிட்டார்கள். ஃபாபர்ஷே பொருள்கள் பலவற்றில் 56 என்ற முத்திரை இருக்கும். 96இல் 56 பங்கு தங்கம். 56ஐ 96ஆல் வகுத்து 24ஆல் பெருக்குங்கள்: 14 காரட். வெள்ளிப் பொருள்கள் சிலவற்றில் 88 என்று இருக்கும். 88ஐ 96ஆல் வகுத்துப் பாருங்கள், 0.916 வரும். நம் ஊர் நகைக்கடையில் 22 காரட்டுக்கு அடிக்கும் 916 முத்திரையும் இதே பின்னம்தான்.

படச்சட்டம் ஏன் அரச குடும்பங்களுக்கு இவ்வளவு பிடித்த பரிசானது? இதற்கு இரண்டு அக்கா தங்கைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். மரியா ரஷ்யப் பெண் அல்ல. டென்மார்க் அரசர் ஒன்பதாம் கிறிஸ்டியானின் மகள், பிறந்த வீட்டில் பெயர் டாக்மர். அவருடைய அக்கா அலெக்சாண்ட்ரா இங்கிலாந்துக்கு மருமகளாகப் போய் ஏழாம் எட்வர்டின் அரசியானவர். ஒருத்தி லண்டனில், இன்னொருத்தி செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில். இருவருக்கும் நடுவே ஓயாமல் பரிசுகள் பயணம் செய்தன. 1903இல் ஃபாபர்ஷே லண்டனில் கிளை திறந்தபோது, இனி உனக்குப் புதிதாக அனுப்ப என்னிடம் என்ன இருக்கிறது என்று தங்கை அக்காவிடம் செல்லமாகக் கோபித்துக்கொண்டாராம். அந்தப் பரிசுகளில் பல இன்றும் பிரிட்டிஷ் அரச சேகரிப்பில் இருக்கின்றன, அவற்றில் படச்சட்டங்களும் உண்டு. இந்த இரு சகோதரிகளின் மகன்களான நிக்கோலஸும் ஐந்தாம் ஜார்ஜும் இரட்டையர்போல இருப்பார்கள். படம் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணம் கேமரா. 1888இல் கோடக் கேமரா சந்தைக்கு வந்தது. பெட்டிபோன்ற அதில் சுருள் பிலிம், பொத்தானை அழுத்தினால் படம். ஒளி பட்டால் கருக்கும் வெள்ளிச் சேர்மங்கள்தான் அதன் உயிர். அதுவரை படம் எடுக்கப் பெரும்பாலும் தொழில்முறைக் கலைஞர் வேண்டும். இப்போது அரசிகளே கேமராவைத் தூக்கினார்கள். மரியாவின் அக்கா அலெக்சாண்ட்ரா தான் எடுத்த படங்களைத் தொகுத்து 1908இல் ஒரு புத்தகமாகவே வெளியிட்டு, வந்த பணத்தைத் தொண்டு நிறுவனங்களுக்குக் கொடுத்தார். வீடு நிறையப் படம் சேர்ந்தால் சட்டமும் வேண்டுமே!

இந்தச் சட்டங்களில் எனக்கு ஏற்பில்லாத ஒன்றும் உண்டு. பலவற்றின் முதுகுப்பக்கம் யானைத் தந்தம். சிற்றோவியங்களையும் பெரும்பாலும் தந்தத் தகட்டின் மேல்தான் வரைந்தார்கள். மரப் பலகை வைத்த சட்டங்களும் அதே பட்டறையில் அழகாகவே வந்தன. ஆக, யானை சாக வேண்டிய தேவையே இருந்ததில்லை. தந்தத்தின் சர்வதேச வணிகத்தைத் தடை செய்ய உலக நாடுகள் 1989 வரை எடுத்துக்கொண்டன.

பட்டறையில் இருந்தவர்களையும் சொல்லாமல் விடக்கூடாது. கார்ல் ஃபாபர்ஷே எல்லாவற்றையும் தன் கையால் செய்தவர் அல்ல. யோசனை சொல்வார், தேர்வு செய்வார், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புவார். 1897இல் அவருடைய தலைமைப் பட்டறையை நடத்தியவர் மிகயீல் பெர்கின், விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அவருக்குக் கீழே செதுக்குபவர், எனாமல் இடுபவர், கல் பதிப்பவர், கீல் பொருத்துபவர் என்று தனித்தனிக் கைகள். மூன்று இதழும் ஒன்றின்மேல் ஒன்றாக மடங்கி, மூடியதும் சிவப்பு இதயமாக ஒட்டிக்கொள்ள வேண்டும். நூல் அளவு பிசகினாலும் கீல் எனாமலை இடித்துத் தெறிக்கவைக்கும்.

1917இல் ரஷ்யாவில் புரட்சி வந்தது. அடுத்த ஆண்டு நிக்கோலஸும் அவர் மனைவி அலெக்சாண்ட்ராவும் ஓல்காவும் அவளுடைய தங்கைகளும் தம்பியும் கொல்லப்பட்டார்கள். மரியா 1919இல் ஓர் ஆங்கிலப் போர்க்கப்பலில் நாட்டைவிட்டு வெளியேறி, 1928இல் டென்மார்க்கில் காலமானார். இதயச் சட்டம் பல கை மாறி, அமெரிக்காவின் ஃபோர்ப்ஸ் குடும்பச் சேகரிப்புக்குப் போனது. 2004இல் அந்தச் சேகரிப்பை ஒரு ரஷ்யத் தொழிலதிபர் மொத்தமாக வாங்கினார். இப்போது செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் உள்ள ஃபாபர்ஷே அருங்காட்சியகத்தில் இதைப் பார்க்கலாம். அங்கே இதைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கிறார்கள். எனாமல் வெளிச்சத்துக்கு மங்காது, ஆனால் ஓர் அடி பட்டால் போயிற்று. தெறித்த எனாமலைப் பழையபடி சுட்டு ஒட்டவும் முடியாது. உலை வெப்பத்தில் கற்களும் ஓவியமும் பாழாகும் என்பதால், தேவைப்பட்டால் சூடில்லாமல் பிசின் கொண்டு மட்டும் சரிசெய்வார்கள்.

ஊதா முட்டை இன்னும் எங்கோ இருக்கக்கூடும். இதை வெறும் ஆசையாகச் சொல்லவில்லை. 2014இல் ஒரு செய்தி உலகை வியக்கவைத்தது. அமெரிக்காவில் பழைய உலோகம் வாங்கி விற்கும் ஒருவர் சுமார் 14,000 டாலர் கொடுத்து ஒரு தங்க முட்டையை வாங்கியிருந்தார். உருக்கி விற்பதுதான் திட்டம். அவர் சொன்ன விலைக்கு யாரும் வாங்காததால் அது உருகாமல் தப்பியது. முட்டைக்குள் இருந்த கடிகாரத்தின் பெயரை இணையத்தில் தட்டித் தேடியபோதுதான், காணாமல் போயிருந்த 1887ஆம் ஆண்டு ஃபாபர்ஷே முட்டை அது என்று தெரிந்தது.

ஊதா முட்டை என்று சொல்லிக்கொண்டு நாளை ஒருவர் வந்தால் ஆய்வாளர்கள் முதலில் முத்திரைகளைப் பார்ப்பார்கள். உட்புறக் குழிவை அளந்து இதயத்தின் அளவோடு ஒப்பிடுவார்கள். பிறகு எக்ஸ் கதிர் ஒளிர்வு என்ற சோதனை. பொருளைச் சுரண்டாமல், அதன் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் எக்ஸ் கதிரைத் திருப்பி உமிழும். மாங்கனீசு ஒரு விதம், கோபால்ட் ஒரு விதம், ஈயம் ஒரு விதம். இதயச் சட்டத்தின் எனாமலையும் முட்டையின் எனாமலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் கண்ணாடியின் அடிப்படைச் சேர்க்கை ஒத்துப்போகிறதா என்று தெரிந்துவிடும். டைட்டானியம் கலந்த வெண்ணிறம் புழக்கத்துக்கு வந்ததே இருபதாம் நூற்றாண்டில்தான். எங்காவது ஓரத்தில் அது தென்பட்டால், அந்த இடத்தில் பிற்காலத்துக் கை பட்டிருக்கிறது.